நலங்கு வைக்கும் கை

புக்கிட் ரோத்தான்,
12 ஜூன் 2024

அன்புள்ள உஷா அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் மாமாவும் நித்தியாவும் நலமா?

நித்தியாவுக்குப் பரிசம் போட்ட மறுநாளே நான் சாவு வீட்டுக்குப் போனேன் என்று கேள்விப்பட்டு, வாட்சப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

போனது உண்மைதான். தஞ்சோங் காராங்கில் ஓர் அம்மா. பிள்ளைகள் இரண்டும் ஆண். குளிப்பாட்ட ஈமச்சேவை வேனில் வந்தவர்களும் ஆண்கள். மருமகள்கள் உள்ளே வரப் பயந்து வாசலில் நின்று அழுதார்கள். நான்தான் கதவைச் சாத்திக் குளிப்பாட்டி, புடவை கட்டி, தலை வாரிவிட்டேன்.

ஏன் இந்த வேலை என்று ஆறு வருடமாகக் கேட்கிறீர்கள். நம் பழைய தோட்டத்து லய வரிசையில் இருந்த வள்ளியம்மா இறந்த அன்று நானும் வாசலில்தான் நின்றேன். முந்தானை நழுவாமல் வாழ்ந்தவர், நான்கு ஆண்கள் முன்னால் கிடந்தார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி நிற்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

நித்தியாவுக்கு நலங்கு வைக்க வரலாமா, அக்கா?

உங்கள் தங்கை,
தனேஸ்வரி


சிரம்பான்,
20 ஜூன் 2024

தனேசுக்கு,

கல்யாணம் நிச்சயமான வீட்டார் சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது உனக்குத் தெரியாதா? சம்பந்தியம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார்: "பொணம் குளிப்பாட்டுறது உங்க தங்கச்சிதானே? கல்யாணத்துக்கு வருவாங்களா?" எனக்கு மானமே போய்விட்டது. "இப்ப அதெல்லாம் விட்டுட்டா லா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 25 கல்யாணம். இரண்டே மாதம் போகாமல் இரு. செத்தவர்கள் எழுந்து வந்து உன்னைக் கேட்கப் போகிறார்களா? விட்டுவிட்டு வந்தால் முதல் நலங்கு உனக்குத்தான். முடியாதென்றால் வராதே.

சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடு.

உஷாராணி


புக்கிட் ரோத்தான்,
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நித்தியாவுக்காக மூன்று வாரம் போகாமல் இருந்து பார்த்தேன். கைபேசியை அணைத்தே வைத்தேன்.

வியாழக்கிழமை செகிஞ்சானிலிருந்து ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளில் வீடு தேடி வந்தார். "வீட்டுக்காரி போயிட்டாம்மா. வேத்து ஆம்பள கை அவ மேல படக் கூடாது. வாம்மா" என்றார். அக்கா மகளுக்குக் கல்யாணம், இப்போது வர முடியாது என்றேன். அவர் பதறிவிட்டார். "ஐயோ, தெரியாம வந்துட்டேன், மன்னிச்சிரும்மா. நல்ல காரியம் நல்லா நடக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

திட்டியிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன். அவர் கும்பிட்டதுதான் தாங்கவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

ஆகவே நான் கல்யாணத்துக்கு வரவில்லை. உங்கள்மேல் கோபமில்லை, வருத்தம் நிறைய உண்டு. நித்தியாவுக்குச் சேலை எடுத்தேன். கடைக்காரரையே பொட்டலம் கட்டி அனுப்பச் சொல்லிவிட்டேன். என் கை படவில்லை, பயமில்லாமல் கட்டலாம்.

தனேஸ்வரி


சிரம்பான்,
9 ஆகஸ்ட் 2024

என் தனேசுக்கு,

சேலை வந்தது. பிரிக்கவில்லை. நீ வந்து பிரி.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுச் சந்திரிகா மாரடைப்பில் போய்விட்டாள். போகக் கூடாது என்று நான் ஜன்னலோரமே நின்றேன். வேன் வந்தது. மூன்று ஆண்கள் இறங்கினார்கள். நைட்டிமேல் துண்டு போடாமல் குப்பை கொட்டக்கூட வரமாட்டாள் சந்திரிகா. நித்தியா என்னையே பார்த்தாள். பிறகு எங்கள் வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

போய்விட்டேன், தனேசு. வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நானே குளிப்பாட்டினேன். கம்மலைக் கழற்றவே வெகுநேரம் ஆனது. "என் தங்கச்சிய வராதேன்னுட்டேன் சந்திரிகா" என்று அவளிடமே சொல்லி அழுதேன்.

சம்பந்தியம்மாவிடம் உன்னைப் பற்றியும் என்னைப் பற்றியும் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது. சுருங்கட்டும். கல்யாணம் நிற்கவில்லை. நித்தியா, சின்னம்மா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள். பஸ் ஏறாதே, மாமாவைக் காரோடு அனுப்புகிறேன்.

இன்னொன்று. எனக்கு ஒன்று ஆனால் நீதான் வர வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. ஒருவேளை நீ முந்திக்கொண்டால், நான் வாசலில் நிற்க மாட்டேன்.

உன் அக்கா,
உஷா