அஞ்சலைக்கு விட்ட இடம்

துணிச்சுருளைப் பிரித்ததும் வஜ்ஜிரப் பசையின் வாடை எழுந்தது. இத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்தும் போகவில்லை. சாயப்பொடியில் கலக்க நான் அதைக் காய்ச்சும்போதெல்லாம் நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாட்டுத் தோலக் காய்ச்சுற வூட்ல மனுசிக்குச் சோறு எறங்குமா?" என்று சண்டைக்கு வருவாய். இன்று அந்த வாடைக்கு முகம் சுளிக்க வீட்டில் ஆள் இல்லை.

மூடிக் கிடந்த ரைஸ் மில்லை நம் ஊர்ப் பிள்ளைகள் கழுவி வெள்ளையடித்து ஓவியக் கூடமாக்கியிருக்கிறார்கள். முதல் கண்காட்சி, இசையைக் கேட்டு வரைந்த படங்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் வரைந்து தரலாமாம். ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் தன் வண்டி ஸ்பீக்கரில் கேட்கும் பாட்டை நீல நீலமாகத் தீட்டிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் பழைய படம் ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு, ஓவியம் படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். துணியைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு நடுவில் விரல் வைத்தாள்.

"இந்த எடத்துல மட்டும் சாயம் உதிர்ந்து போயிருக்குங்க ஐயா. ஒரு பொம்பளைய வரைஞ்சு சரி பண்ணிடவா?"

நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள். நீயல்லவா அதைக் கேட்டிருக்க வேண்டும்!

அப்போது நான் ஊர் ஊராகச் சுவர் எழுதிக்கொண்டிருந்தேன். தேர்தல் வந்தால் கட்சிச் சின்னம், மற்ற நாளில் உர விளம்பரம், கல்யாணப் பந்தலுக்கு 'நல்வரவு'. யார் என்ன கேட்டாலும் "சரிங்க" என்பேன். நீ பண்ணை வயலில் நட்டுக்கொண்டிருந்தாய். அந்த வருஷம் சம்பா நடவு தொடங்கும்போது உன் பக்கத்தில் நின்ற அஞ்சலை கூலியைக் கூட்டிக் கேட்டாள். வரிசையில் நின்ற எல்லாருக்கும் சேர்த்துத்தான் கேட்டாள். அவள் குடிசை பண்ணை மனையில் இருந்தது. மறுநாளே ஆள் விட்டுப் பிரித்துப் போட்டார்கள். புருஷன் பிள்ளைகளோடு வேதாரண்யம் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டாள்.

நடவுப் பாட்டை நீங்கள் ஆளுக்கு ஓர் அடியாக முறை வைத்துப் பாடுவீர்கள். அவள் போன பிறகு, அவள் முறை வந்தபோது அந்த அடியை யாரும் எடுக்கவில்லை. அதைப் பாட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் குனிந்து நட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் நீ உன் அடியைத் தொடங்கினாய். பேசி வைத்துச் செய்ததில்லை என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாய். வரப்பில் குடையோடு நின்ற பண்ணை ஏஜெண்டுக்கு முதலில் விளங்கவில்லையாம். விளங்கியதும், "யாருடி மொறை? பாடித் தொலைங்கடி" என்று கத்தினாராம். நடவு முடிகிறவரை அந்த இடத்தை விட்டு விட்டே பாடினீர்கள்.

மார்கழியில் நம் ஊர்க் கட்சிப் படிப்பகத்தின் செயலாளர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனுஷர்தான். கட்சி ஆட்சிக்கு வந்த சந்தோஷம் இன்னும் அவர் முகத்தில் இருந்தது. பொங்கலுக்குக் கண்காட்சி, தலைப்பு 'இசையும் ஓவியமும்', பெரிய படமாக ஒன்று நான் போட வேண்டும் என்றார். "சரிங்க" என்றேன். யாழ் மீட்டும் அரசகுமாரி ஒருத்தியை வரைந்தேன். நீ இடுப்பில் குடத்தோடு நின்று வெகுநேரம் பார்த்தாய்.

"அழகாத்தான் இருக்கா. ஆனா இந்தம்மா வாசிக்கிறது எனக்கு ஒண்ணும் கேக்கலைங்களே."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப உனக்குக் கேக்குறத நீ பாடு, வரையறேன்" என்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நீ பாடினாய். அஞ்சலையின் இடம் வந்தது. நிறுத்தினாய். அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை எப்படி வரைவது என்று எனக்குத் தெரியவில்லை. பல நாள் துணியை வெள்ளையடித்து அழித்தேன். கடைசியில் குனிந்த பெண்களை வரிசையாக வரைந்து, ஒவ்வொருத்திக்கு முன்னாலும் பச்சை நாற்றை வைத்தேன். ஒரே ஓர் இடத்தில் ஆளும் இல்லை, நாற்றும் இல்லை. படத்தின் மேலிருந்து கீழ்வரை வெறும் சேற்றுத் தண்ணீர். நீ பார்த்துவிட்டு, "இப்ப கேக்குது" என்றாய்.

பொங்கலுக்கு முந்தின நாள் படிப்பகத்தில் படங்களை மாட்டினோம். கூத்தாநல்லூரிலிருந்து வந்த பள்ளிக்கூடப் பெண் நாகூர் தர்காவின் நகரா முரசை வரைந்திருந்தாள். ஸ்டூடியோக்காரர் நாகசுரம் வரைந்திருந்தார். நம் படத்தின் முன்னால் வந்தவர்கள் ஒருவரும் அது யாருடைய இடம் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏஜெண்டுக்கும் தெரிந்திருந்தது.

"ஏண்டா பெயிண்டரு, அந்த எடத்துல ஒரு பொம்பளைய வரைஞ்சு விடு. இல்லாட்டி எறக்கு" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் நீ முன்னால் வந்தாய். "அவள வரச் சொல்லுங்க. குடிசையக் கட்டிக் குடுத்துக் கூட்டியாந்து நிறுத்துங்க. அப்ப வரையுறோம்."

படிப்பகம் இருந்த மனையும் பண்ணை கொடுத்ததுதான். செயலாளர் உன்னைத் தனியே அழைத்தார். "தங்கச்சி, இப்ப ஆட்சி நம்மளோடது. நாமளே வம்பு இழுக்கலாமா?"

"நம்மளோடதுதானேண்ணே? பொறவு ஒரு படத்துக்கு எதுக்குப் பயப்படணும்?"

மறுநாள் காலையில் நாம் போனபோது, படத்தைக் கழற்றிச் சுருட்டி வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். சுவரில் என் ஆணி மட்டும் இருந்தது. வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்று நான் குனிந்தேன். நீ சுருளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாய். "அந்தப் பக்கம் புடிங்க. ஆணி இல்லாட்டி என்ன, கையி இருக்குல்ல?"

படிப்பக வாசலில், தெருவில், நாம் அதை விரித்துப் பிடித்து நின்றோம். உள்ளே போகிறவர்கள் நம்மைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. படத்தைப் பார்க்கப் போகிறவளுக்கு அறுவடை வேலை கிடையாது என்று பண்ணையிலிருந்து தெருவில் சொல்லி விட்டிருந்தார்கள். வெயில் ஏறியது. ஒருத்தியும் வரமாட்டாள் என்றே நினைத்தேன். முதலில் உன்னோடு நட்ட ராசாத்தி வந்தாள், இடுப்பில் அரிவாளோடு. என் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டு, "நீங்க போயி தண்ணி குடிங்கண்ணே" என்றாள். அவள் பின்னால் நடவு வரிசை முழுதும் வந்தது. மாற்றி மாற்றிப் பிடித்தீர்கள். பாடினீர்கள். அந்த இடம் வந்ததும் தெரு முழுக்க நிசப்தம். செயலாளர் உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றார். தோளிலிருந்த கறுப்பு சிவப்புத் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். உங்களை விரட்டவில்லை.

அதன் பிறகு அந்தப் பண்ணையில் உனக்கு வேலை இல்லை. கட்சிச் சுவர்கள் எனக்கு வரவில்லை. உரக்கடைப் பலகை, லாரி நம்பர் என்று எழுதிப் பிழைத்தோம். ஆனால் வந்து நின்ற உங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு அறுக்க அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. கதிர் தலை சாய்ந்து கொட்டத் தொடங்கியதும் தாலுகா ஆபீசில் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். கூலி உயர்ந்தது. உன்னைத் தவிர எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். நீ அதற்கு வருந்தி நான் பார்க்கவில்லை.

குடியிருப்பு மனை அவரவருக்கே என்று சட்டம் வந்த பிறகு அஞ்சலை திரும்பி வந்தாள். உப்பில் காய்த்த காலோடு நம் வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். நான் சாயக் கிண்ணத்தை எடுத்தேன். "இப்ப வரைஞ்சிடவா அஞ்சல?" என்றேன்.

"வேணாண்ணே. நான் அங்க இல்லாததுதானே அவனுங்களுக்கு உறுத்துது? இருக்கட்டும்."

நீங்கள் இருவரும் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் படத்தைத் தொடவில்லை. படத்தின் கீழே ஒட்ட ஓர் அட்டை தந்தாள். 'அஞ்சலையின் இடம். அவள் குடிசையைப் பண்ணையார் பிரித்துப் போட்டதால் அவள் இங்கே இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். நேற்று மாலை கூடத்துப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். கூடத்துக்கு விளக்கு வாங்கித் தந்தவர் அந்தப் பண்ணையாரின் பேரனாம். "நடவுன்னு மட்டும் போட்டுக்கலாமாங்க ஐயா? எதுக்கு வம்பு?"

"முடியாது தம்பி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். பிறகு அவனே அதை ஒட்டினான்.

இப்போது எனக்குக் கை நடுங்குகிறது. அட்டையில் எழுத்து கோணல்மாணலாகத்தான் விழுந்தது. பலகை எழுதிப் பிழைத்தவனுக்கு அது அவமானம். ஆனால் "முடியாது" என்று சொன்னபோது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்தச் சொல் எனக்குப் பிறப்பில் வந்ததல்ல. உன்னோடு குடும்பம் நடத்தியதில் வந்தது.