மதுரைக்குப் போன டீசல்

இன்று காலை சின்னமனூர் பங்கில் டீசல் போட்டேன். கையில் தெறித்த துளியின் வாடை போவதற்குள், "பில்லு வேணுமா சார்?" என்று பங்கில் நின்ற பெண் கேட்டாள். உன் ஞாபகம் வந்துவிட்டது. நீயாக இருந்தால் அவள் கேட்டிருக்கவே வேண்டாம். டீசல் விழுவதற்கு முன்பே கையை நீட்டியிருப்பாய்.

நாம் இருவரும் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைத்த என்ஜினீயர்கள். கம்பத்தில் எதிரெதிர்க் கடை. சம்பளம் தர ஒருவரும் இல்லை என்பது எனக்குப் பயம். உனக்கு அது சலுகை. வருமான வரிக்கு, வந்த பணத்தில் பாதியை வருமானமென்று காட்டிவிட்டால் செலவுக்கு ரசீது கேட்பதில்லை என்றொரு எளிய வழி உண்டு. நான் அதில் போனேன்.

"அது சோம்பேறிக போற வழி மாப்ள" என்றாய்.

உனக்குச் செலவு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழிய வேண்டும்: கடை வாடகை, கம்ப்யூட்டர், வந்தவர்களுக்கு வாங்கிக்கொடுத்த டீ. வேலைக்காகப் போகும் பயணத்தைத்தான் சட்டம் கழிக்க விடுகிறது. நீ சட்டத்தை மதிப்பவன். குடும்பத்தோடு குமுளிக்குப் போனாலும் லோயர் கேம்பில் இறங்கி யாருடைய மனையையாவது அளந்துவிட்டுத்தான் போவாய். கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் உன் மனைவி முதலில், அந்த ஊரில் யாராவது வீடு கட்டுகிறார்களா என்று விசாரிப்பார்.

உனக்கு ஒரே ஒரு குறை. "காரு தேயுதுன்னு வருசா வருசம் கழிக்க விடுறாக. நான் தேயுறத எவன்லே கழிக்க விடுறான்?"

அன்றைக்குக் கடைவாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். கம்பத்து டாக்டர் இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, "எங்கயும் நிக்காம மதுரைக்குப் போயிருங்க" என்றார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். உன் காரை நான் ஓட்டினேன். பின்னால் உன் மனைவி. பக்கத்தில் நீ, சட்டையெல்லாம் நனைந்துபோய். தேனி தாண்டியதும் வாயைத் திறந்தாய்.

"ஆண்டிபட்டில ஒரு சைட்டு. இன்னைக்கு பில்லருக்கு காங்கிரீட் போடுறாக. அஞ்சு நிமிசம் நிப்பாட்டு."

"ஏலே, வாய மூடிட்டு வா."

"சும்மா ஆஸ்பத்திரிக்குப் போனா சொந்தச் செலவு மாப்ள. ஒரு எட்டு பாத்துட்டுப் போனா வேலையாப் போனது."

"அண்ணே, நிப்பாட்டாதீக!" என்று உன் மனைவி கத்தினார். "உசுரு போற நேரத்துலயும் டீசலுக்குக் கணக்குப் பாக்குறாக பாருங்க."

கதவுப் பிடிக்கு உன் கை போனது. நான் பூட்டினேன். நீ போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டு, வீடியோவில் பில்லருக்குக் கம்பி கட்டியிருப்பதைக் காட்டச் சொன்னாய். ஆண்டிபட்டிக் கடைத்தெருவில் ஒரு பஸ் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. உன் உதடு வெளுத்திருந்தது.

"கம்பியச் சுத்துற ரிங்கெல்லாம் தள்ளித் தள்ளிக் கட்டிருக்கீக. நெருக்கிக் கட்டாம காங்கிரீட் போடாதீக."

"அதெல்லாம் நிக்கும் சார். நேருல வந்து பாருங்க."

நீ என்னைப் பார்த்தாய். "வர விடமாட்டேங்குறாக" என்று அவரிடம் சொன்னாய்.

பஸ் நகர்ந்தது. உசிலம்பட்டி தாண்டியதும் போன் உன் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. "எடுத்துக் குடுலே" என்று கேட்பாயென்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

போன மாதம் உன் மனைவியோடு தேனிக்குப் போய் ஆடிட்டரைப் பார்த்தேன். இறந்தவருக்கும் வரிக் கணக்கு கொடுக்க வேண்டுமாம். அதில் மட்டும் சலுகை இல்லை. அன்றைய டீசல் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிட்டர் தயங்கினார். "இந்த மதுரைப் பயணம்... தொழிலுக்கா?"

"எழுதுங்க சார்" என்றார் உன் மனைவி. "போற வழியில வேலதான பாத்தாக."

ஆடிட்டர் பேனாவை எடுத்ததும், "போனது மட்டும். வந்தத எழுத வேணாம்" என்றார்.

மேஸ்திரி அன்றே ரிங்கை நெருக்கிக் கட்டிவிட்டதாகப் பிறகு சொன்னார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஆண்டிபட்டி வந்தாலே என் கால் ஆக்சிலரேட்டரை அழுத்திவிடுகிறது. பக்கத்து இருக்கையில் யாருமில்லை என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை.