மதிய மின்வெட்டில் ஒரு கால் சுற்று

திண்டுக்கல்
5.11.2009

அன்பு மகள் ரீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க அம்மா தினமும் ஜெபமாலையில் உங்கள் பெயரைச் சேர்த்துச் சொல்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை, கோயிலில் முட்டி போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தே பூசை பார்க்கிறாள், அது அவளுக்குப் பெரிய குறை. ஆயக்குடியிலிருந்து ஒரு கூடை கொய்யாப்பழம் வந்தது, பாதியை அணில் தின்றது, மீதியைத் தெருவுக்கெல்லாம் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டாள். போனில் பேசினால் அவள் பக்கத்தில் நின்று கேட்பாள், இந்த விஷயம் அவள் காதில் விழக்கூடாது, அதனால்தான் கடிதம்.

நீ ஸ்டுட்கார்ட்டிலிருந்து அனுப்பிய என்கோடர் பத்திரமாக வந்து, மாட்டியும் ஆகிவிட்டது. நம் பின்பக்கக் கொட்டகையில் பழைய பிரிண்டர் மோட்டார்களை வைத்து நான் செய்த எழுத்து வெட்டும் மெஷின் உனக்குத் தெரியும். அதில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். நூறு அடி நட என்று சொன்னால் நூறும் நடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும், நடுவில் யாராவது பிடித்துத் தள்ளியிருந்தாலும் அதற்குத் தெரியாது. என்கோடர் அப்படியில்லை. மோட்டாரின் தண்டு உண்மையில் எங்கே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாயிரம் எண். சொன்ன இடமும் நிற்கிற இடமும் ஒத்துப்போகாவிட்டால் நான் எழுதிய புரோகிராம் மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிடும். தண்டு பொருந்த ஒரு இணைப்பைக் கடைசல் பட்டறை முகமது பாரூக்தான் கடைந்து கொடுத்தார்.

இதை எதற்காகக் கேட்டேன் என்று உனக்கு நான் சொல்லவில்லை. ஆகஸ்டில் உன் கிளாரா சித்தி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் உன் சித்தப்பா ஜெரோமின் கல்லறைக்கு ஒரு பித்தளைப் பெயர்த்தகடு வெட்டித் தர வேண்டும் என்று கேட்டாள். முடியாது என்றுதான் நினைத்தேன். பாலிடெக்னிக்கில் எனக்கு வர வேண்டிய ஒர்க்‌ஷாப் தலைமையை, என்னைவிடப் படிப்பில் குறைந்த என் தம்பி நிர்வாகத்தின் கையைக் காலைப் பிடித்து வாங்கிக்கொண்டதை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. பதினொரு வருடம் அவனோடு பேசவில்லை, மார்ச்சில் அவன் இறந்தபோதும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் உன் அம்மா, ஒங்க தம்பி பேர ஒங்க கையால வெட்டுனா என்ன கொறஞ்சா போயிருவீக, இல்ல அந்தப் பேருக்கும் எவனாச்சும் சிபாரிசு பண்ணணுமா என்று கேட்டாள். கேட்ட விதம் பிடிக்கவில்லை, ஆனாலும் தகட்டை எடுத்தேன்.

பித்தளையில் மெதுவாகத்தான் வெட்ட முடியும். காலையில் ஆரம்பித்தால் பெயர் முடியும்போது மதியம் பன்னிரண்டு, அப்போது மின்வெட்டு வரும், இரண்டு மணிக்குக் கரண்ட் வந்த பிறகு பிறந்த தேதியும் இறந்த தேதியும் வெட்ட வேண்டும். முதல் தகட்டில் தேதிகள் ஒன்றேகால் மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி விழுந்தன. இரண்டாவதிலும் அதே ஒன்றேகால். மூன்றாவதிலும் அதே. மூன்றையும் பாரூக்கிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சார், மிசின் தப்பு பண்ணுனா ஒரு நாளைக்கு ஒரு மாதிரி பண்ணும், மூணு நாளும் ஒரே அளவு தப்புதுன்னா அது மிசின் கோளாறு இல்ல, ஆள் கோளாறு என்றார். வீட்டில் இருக்கும் ஒரே ஆள் உன் அம்மா. கேட்டேன். முட்டிய மடக்க வழியில்ல, ஒங்க கொட்டாயில வந்து மிசினத் திருகிட்டுப் போறேனாக்கும் என்று அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் உன்னிடம் என்கோடர் கேட்டேன். எண்களைக் காட்டும் பெட்டிக்குத் தனியாகப் பேட்டரி வைத்தேன், கரண்ட் போனாலும் அது எண்ணிக்கொண்டிருக்கும். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி மதியம் மின்வெட்டு வந்ததும் எண்ணைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் ஐந்நூறு. சரியாகக் கால் சுற்று, வெட்டும் முனை ஒன்றேகால் மில்லிமீட்டர் நகரும் அளவு. மறுநாள் ஐந்நூறு. அதற்கு மறுநாளும். மேசை சமதளத்தில் இருக்கிறது, தானாகச் சரிய வழியில்லை. கம்பியில் ஏறும் மின் இரைச்சலை எண்ணிவிட்டதோ என்றால், என்கோடர் வருவதற்கு முன்பே மூன்று தகடு அதே அளவு தவறியிருக்கிறது. பிறகு ஒருநாள் கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவுக்கு எதிரே நாற்காலி போட்டுப் பட்டப்பகலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் மோட்டாரைக் கையால் திருப்பும் திருகுக்கும் மேசைக் காலுக்கும் இடையே ஒரு தையல் நூலைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டி வைத்திருந்தேன். ஒரு ஈ எறும்பு அந்தப் பக்கம் போகவில்லை. திறந்து பார்த்தபோது நூல் அறுந்திருக்கவில்லை. தொய்வு மட்டும் போய், திருகைச் சுற்றிக் கால் வட்டம் பதமாக ஏறியிருந்தது. நான் இயற்பியல் படித்தவன் ரீனா, பேய் பிசாசு என்று ஒருநாளும் பேசியவன் இல்லை. அந்த நூலைப் பார்த்ததும் கதவை மறுபடி பூட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தக் கால் சுற்று எனக்குத் தெரியும். ஜெரோமுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம், எந்த மெஷின் பக்கத்தில் போனாலும் முதலில் அதன் திருகைக் கால் சுற்று திருப்பிப் பார்ப்பான், ஆட்டம் இருக்கிறதா என்று. கேட்டால், மிசினுக்கு மொதல்ல கை குடுக்கணும்ணே, அப்புறந்தான் பேச்சு என்பான். இனி எழுதுவது உன் அம்மாவுக்குத் தெரியாது. அவன் இறப்பதற்குப் பதினாறு நாள் முன்பு, அம்மா சந்தைக்குப் போயிருந்த ஒரு மதிய மின்வெட்டில் அவன் நம் வீட்டுக்கு வந்தான். காலிங்பெல் அடிக்காது, அதனால் பக்கவாட்டில் வந்து கொட்டகைக்குள் நின்று, அண்ணே என்று கூப்பிட்டான். நான் வீட்டுக்குள் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டான். பதில் சொல்லவில்லை. பிறகு திருகு கரகரவென்று கொஞ்சம் திரும்புகிற ஓசை கேட்டது, பிறகு செருப்புச் சத்தம், பிறகு கேட். கரண்ட் வந்ததும் நான் வெட்டிய பள்ளிக்கூடத்துப் பலகை ஒன்றேகால் மில்லிமீட்டர் தள்ளிப் போயிற்று. செத்த நேரம் வந்துபோயும் என் வேலையைக் கெடுத்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் உடம்பு அவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுந்து போயிருப்பேன் என்றும் உன்னிடம் பொய் எழுத மாட்டேன்.

நான்காவது தகடு சரியாக வந்துவிட்டது. மதியம் வழக்கம்போல ஐந்நூறு காட்டியது, கரண்ட் வந்ததும் என்கோடர் சொன்னதைக் கேட்டு மோட்டார் தானே கால் சுற்றுப் பின்னால் வந்து நின்று, தேதியை மயிரிழை பிசகாமல் வெட்டியது. மெஷின் அளவில் வெற்றிதான். ஒன்றாம் தேதி தகட்டை எடுத்துக்கொண்டு பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவன் வீட்டுப் படி ஏறினேன். கிளாரா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள், அத்தான், நீங்க செஞ்சு குடுப்பீகன்னு எனக்குத் தெரியும், அன்னைக்கு அவுக ஒங்களப் பாத்துட்டு வந்தப்ப, அண்ணன் ஒரு மணி நேரம் ஒக்கார வச்சுப் பேசுனாரு கிளாரா, காப்பி போட்டுக் குடுத்தாரு, பழசயெல்லாம் விட்டுட்டாருன்னு சொன்னாக, அன்னைக்கு ராத்திரிதான் அவுக நல்லாத் தூங்குனாக. அவள் கொடுத்த காப்பியைக் கீழே வைத்தேன். ஆமா என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கல்லறையில் தகட்டைத் திருகி, மெழுகுவர்த்தி கொளுத்தி, பூ வைத்து, எல்லோரையும் போல நின்றுவிட்டு வந்தேன்.

அவன் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, அவளுக்காகச் சொன்னானா, அல்லது கடைசியிலும் என்னைவிட ஒருபடி மேலே நிற்கவேண்டும் என்று சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக மின்வெட்டு நேரத்தில் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய் உட்காருகிறேன், ஒரு மணி நேரம். பேசுகிறேன். நல்ல பேச்சு ஒன்றுமில்லை, பாதி நேரம் திட்டத்தான் செய்கிறேன். எண் பெட்டி மேல் ஒரு துணியைப் போட்டு வைத்திருக்கிறேன், எழுந்து வரும்போது அதை விலக்கிப் பார்ப்பதில்லை. அம்மா, யாரோட பேச்சு அங்க என்று கேட்டாள், கணக்குப் போடுகிறேன் என்றேன்.

கிறிஸ்மஸுக்குச் சித்தி உனக்குப் போன் செய்வாள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி உன்னிடமும் கட்டாயம் சொல்வாள். ஆமா சித்தி, அப்பாவும் எழுதியிருந்தாரு என்று சொல். உன்னைப் பொய் சொல்லச் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. ஸ்தனிஸ்லாஸ்