நாலாம் எண்ணில் விழும் கோடாலி

மச்சான்,

கடல் உள்வாங்கும் வத்தத்தில் படகுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்குமே, என் எழுத்தும் அப்படித்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள். பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் இப்போதுதான் எழுதப் படித்தேன். ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனால் அதைத் திரும்ப வாசித்தால், நான் சொன்னதையே அது எனக்குச் சொல்கிறது. இந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன வெள்ளிக்கிழமை உன் மகள் பகடை டப்பாவைத் திறந்தாள். உன் கால் தைலத்தின் வாசம் இன்னும் அதில் இருந்தது. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வலை இழுக்கும் விஞ்சில் மாட்டிக் கால் உடைந்து நீ கட்டிலோடு கிடந்தபோது, சென்னையில் வேலை பார்த்த உன் மகள் லீவு போட்டு கோட்டைப்பட்டினம் வந்து இந்த விளையாட்டைச் சொல்லித் தந்தாள். கதையை அவள் நடத்துவாள். பூதங்களுக்கும் அவளே பகடை போடுவாள். நமக்கு ஆளுக்கொரு வீரன். உனக்குக் கோடாலிக்காரன், எனக்குக் கத்திக்காரன். என் வீரனின் விவரம் எழுதிய அட்டையை நீதான் எனக்கு வாசித்துச் சொல்வாய். "பேரன் எடுத்த வயசுல பூதத்தோட சண்டையாம்" என்று என் வீட்டுக்காரி சிரிப்பாள்.

யார் முதலில் வெட்டுவது என்பதைப் பகடையே சொல்லும் என்றாள் உன் மகள். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"வலைக் கயிறு ஒன் மாமன் கால்ல சுத்தி இழுத்தப்ப நான் பகடையா போட்டுக்கிட்டு இருந்தேன்? இடுப்புக் கத்தி கைக்கு வந்துச்சு, அறுத்தேன். படகு முன்னால அணியத்துல கெடந்த அருவாள எடுக்கப் போயிருந்தா இவன் மீனுக்கு எரையாயிருப்பான்."

அன்றைக்குத்தான் நம் வீட்டுச் சட்டம் பிறந்தது. சண்டைக்கு முன் அவரவர் ஆயுதத்தைச் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது. உன் மகள் ஒன்றிலிருந்து எண்ணுவாள். கத்திக்கு ஒன்று, ஈட்டிக்கு இரண்டு, வாளுக்கு மூன்று, கோடாலிக்கு நாலு. தன் எண் வரும்போது ஒருவன் வெட்டலாம், இல்லையென்றால் இடம் மாறலாம். வெட்டு விழுந்ததா என்பதை மட்டும் பகடை சொல்லும். சட்டம் போட்டவன் நீ. கோடாலியையும் நீயே வைத்துக்கொண்டு, எப்போதும் கடைசியில் வந்து அடிபட்டாய். வேறு ஆயுதம் எடேன் என்றால், "கனத்தத் தூக்குனவன் காத்துக் கெடக்கத்தான் வேணும்" என்பாய்.

கடைசிச் சண்டையில் குகைப் பூதம் நமக்கு எதிரே நின்றது. உன் வீரன் இன்னும் ஓர் அடி தாங்க மாட்டான். பூதத்தின் நகத்துக்கு எண் மூன்று, அது பாயப்போவது உன்மேல்தான் என்று உன் மகள் சொல்லிவிட்டாள். நீ கோடாலி என்றாய், நான் கத்தி என்றேன். எண்ணத் தொடங்குமுன் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அடுத்த வெள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அந்த வெள்ளிக்குள் மார்வலி வந்து போய்விட்டாய்.

மாதக்கணக்கில் உன் வீரன் அந்த நகத்துக்கு முன்னால் நின்றான். விளையாட்டை முடிக்காதவரை நீ முழுசாகச் சாகவில்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு. உங்கள் தெருப் பக்கமே போகாமல் இருந்தேன். உன் மகள் தேடி வந்து, முடித்துவிடலாம் என்று கூப்பிட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மாமா, இந்த ஒரு தடவ அத்தாவோட கோடாலிய ரெண்டுல எண்ணிருவமா?" என்றாள்.

சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் பயம். மூன்றாம் எண்ணுக்குப் பகடை போட வேண்டியவள் அவள்தானே.

"வேணாம்மா. ஒங்க அத்தா கோச்சுக்குவான். நாலுலயே இருக்கட்டும். நீ எண்ணு."

ஒன்று என்றாள். நான் கத்தியை வீசவில்லை. என் வீரனை நகர்த்தி உன் வீரனுக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு யாருக்கும் இல்லை. மூன்றுக்கு அவள் பகடையை உருட்டினாள். பூதம் என் வீரனைக் கிழித்துப் போட்டது. நாலு என்று சொல்லி உன் பகடையை என் கையில் வைத்தாள். நான் போட்டதும் அது கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. இருவரும் குனிந்து பார்த்தோம்.

கோடாலி இறங்கியிருந்தது, மச்சான். பூதம் செத்தது.

உன் மகள் துப்பட்டாவில் முகத்தை மூடி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நீ அந்தக் குகையில் உயிரோடு நிற்கிறாய். ஆனால் பக்கத்தில் யாருமில்லை. இப்போது என் பயமெல்லாம் அதுதான்.

செத்த வீரனுக்குப் பதிலாகப் புது அட்டை ஒன்று தந்தாள். இந்த முறை அவளை எழுதவிடவில்லை. பெயரை நானே எழுதினேன். ஆயுதம் என்ற இடத்தில் கோடாலி என்று எழுதி முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. வருகிற வெள்ளிக்கிழமை என் புது ஆள் குகை வாசலுக்கு வருவான். கனத்தோடு வருகிறவன், மெதுவாகத்தான் வருவான். உன்னை வந்து சேர்ந்தானா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை அங்கேயே நில், மச்சான்.