கிழக்கு லைனின் தேவை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் சின்னவளும் நலமென்று உன் அஞ்சலட்டையில் கண்டேன்.

சென்ற வாரம் பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் இந்த வட்டாரத்துக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று புதிதாகக் கணிக்கிறார்களாம். அந்த வேலையைப் பல வருடம் பார்த்தவன் என்பதால், என் கோப்புகளில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம். பயந்துகொண்டேதான் போனேன். என் நாற்காலியில் இப்போது ஒரு பெண் பொறியாளர் இருக்கிறார், உன் வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவ்வளவு மரியாதை கிடைத்ததுமே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது.

சந்தேகம், ஊரின் கிழக்குத் தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிழக்கு லைனைப் பற்றியது. ஊரெல்லாம் தேவை ஏறிக்கொண்டிருக்க, அங்கே மட்டும் இறங்குவதாக என் வரைபடம் காட்டுகிறது. புதிய துணைமின் நிலையம் வேண்டியதில்லை என்று அடியில் என் கையெழுத்து. அவர் பழைய பதிவேட்டை விரித்தார். டிரான்ஸ்பார்மர் தாங்காததால் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை அந்த லைனை நிறுத்தியிருக்கிறார்கள். போகப்போக ஒன்பது வரை. அந்த மணிகளுக்கு நேரே பூஜ்யம். நான் அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறேன். கொடுக்காததைக் கேட்காதது என்று வாசித்துவிட்டேன். பதினோரு வருடம் அந்தத் தெருக்கள் மாலையில் இருட்டாக இருந்தது என் கணக்கால்தான்.

அங்கே ஒரு லைன்மேன் நின்றிருந்தார். நடை மெதுவென்பதால் மின்னல் என்று பட்டப்பெயர் வாங்கியவர், உனக்கு நினைவிருக்கும். பசிக்குதுன்னு வாயத் தொறக்காதவனுக்கு வயிறே இல்லன்னு எழுதிட்டீங்களே சார் என்று சிரித்தார். சும்மா இருங்கண்ணே, அந்த எண்களப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும் என்று பொறியாளர் அவரை அடக்கினார். நிறுத்திய மணிகளுக்கும் தேவையைக் கணித்துச் சேர்த்து அவர் போட்ட புதிய கோடு, சுவரேறும் பல்லிபோல் நேரே மேலே போகிறது.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். மாப்பிள்ளை பிரிந்துபோன மாதம் நீ எழுதியது ஆறு பக்கம். நாங்கள் அங்கேயே வந்துவிடட்டுமா அப்பா என்று கடைசியில் கேட்டிருந்தாய். தாளின் நடுவே கோடு போட்டு, ஒருபுறம் சாதகம், மறுபுறம் பாதகம் என்று எழுதி, யோசித்து முடிவு செய் என்று அனுப்பினேன். அடுத்து உன்னிடமிருந்து மூன்று பக்கம் வந்தது. பிறகு ஒன்று. இந்த மாதம் அட்டை: நலம், ஒன்றும் வேண்டாம். நிலைமை சீராகிவருகிறது என்று நினைத்திருந்தேன்.

பின்னறையிலிருந்த கோப்புகளை மாடிப்படிக்குக் கீழே மாற்றியாயிற்று. எலக்ட்ரீஷியன் வந்து ஒரு மின்விசிறியும், சின்னவள் படிக்கும் உயரத்தில் ஒரு விளக்கும் பொருத்தினார். வீட்டு இணைப்பின் லோடை மூன்று கிலோவாட்டாக உயர்த்தவும் விண்ணப்பித்தேன். ஒத்த ஆளுக்கு எதுக்கு சார் மூணு, இந்த வயசுல கல்யாணம் எதுவும் பண்ணப் போறீங்களா என்றார் மின்வாரிய எழுத்தர். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில், வீட்டில் ஆள் கூடும் என்று எழுதினேன். ஆதாரம் எதுவும் இணைக்காமல் நான் எழுதிக்கொடுத்த முதல் கணிப்பு அது.

விண்ணப்பத்தைச் சரிபார்க்கப் பதினெட்டாம் தேதி வாரியத்திலிருந்து வீட்டைப் பார்வையிட வருகிறார்களாம். அன்றைக்கும் நான் ஒருவனே இருந்தால் அவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இந்தத் தாளில் கோடு எதுவும் போடவில்லை. சின்னவளுக்கு என் ஆசி. நீ இன்னொரு முறை கேட்க வேண்டாம் அம்மா. வந்துவிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா