பட்டாணியளவு நுரையீரல்

மார்ச் 4
மருத்துவர்கள் கூட்டத்தில் இன்று ஒரே அமளி. ஆறு வயதுச் சிறுமி. மூன்று மாதமாக மூச்சுத் திணறல். எக்ஸ்ரே, ஸ்கேன் எதிலும் பிடிபடவில்லை. காசநோய் மருந்தும் கேட்கவில்லை. நுரையீரலில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கலாம் என்றார் குழந்தை மருத்துவர். அறுவை மருத்துவர் எகிறினார்: "பச்சப் புள்ள நெஞ்சுல கத்தி வச்சு, அப்பவும் ஒண்ணும் தெரியலன்னா? அவங்கம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?" இருவரும் திசுப் பரிசோதனை செய்யும் என்னைப் பார்த்தார்கள். நானென்ன ஜோசியக்காரியா? துண்டைக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 7
அறுவை மருத்துவர் ஒருவழியாக ஒப்புக்கொண்டு, துண்டு வந்துவிட்டது. பட்டாணியளவு. இதற்கா அந்தப் பிஞ்சு உடம்பில் தையல்!

மார்ச் 9
நுண்ணோக்கியை விட்டு எழ மனமே இல்லை. மூச்சுக்குழல் ஓரமெல்லாம் உயிரணுக்கள் கும்பல் கும்பலாக. காசநோய் என்றால் கும்பல் இறுகி, நடுவில் செத்துக் கிடக்கும். இவை தளர்ந்து கிடக்கின்றன. ஆக, மூச்சோடு உள்ளே போகும் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாடா! ஆனால் எது? அதைக் கண்டுபிடிக்காவிட்டால் எந்த மருந்து கொடுத்தும் நுரையீரல் கெட்டுக்கொண்டேதான் போகும். என் வேலை முடிந்தது. மண்டை மட்டும் குடைகிறது.

மார்ச் 10
துண்டுகளையே பார்த்துப் பழகியவள், இன்று ஆளைப் பார்க்க வார்டுக்குப் போனேன். பிராணவாயுக் குழாயோடு சிறுமி என்னை முறைத்தாள். பறவைத் தூசி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நுரையீரல் இப்படி ஆவதுண்டு; அதையே அம்மாவிடம் முதலில் கேட்டேன்.

"புறா, கிளி ஏதாவது வளக்கறீங்களா?"

"வாடகை வீடுங்க. ஒரு குருவியக்கூட விடமாட்டாங்க," என்றார் அம்மா. "இங்க சேத்த புதுசுல தேறிட்டுதான் வந்தா. தலகாணி இல்லாமத் தூங்கமாட்டேன்னு அடம். அவங்கப்பா கொண்டாந்து குடுத்தாரு. மறுநாளே பழையபடி இழுக்க ஆரம்பிச்சிட்டா டாக்டர்."

தலையணையை அழுத்தினேன். தையலில் ஒரு வெள்ளை இறகு எட்டிப் பார்த்தது.

"பொறந்தநாளுக்கு அவ சித்தி குடுத்ததுங்க. மெத்துனு இருக்கும்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்!

மார்ச் 11
"தலகாணியப் பாத்திருந்தா கத்தியே வேண்டாமே?" என்றார் அறுவை மருத்துவர். "எதத் தேடணும்னு அந்தத் துண்டுதானே சார் சொல்லிச்சு?" என்றேன். சொல்லிவிட்டேன், ஆனாலும் உறுத்துகிறது. முதல் நாளே யாராவது கேட்டிருக்கலாமோ? என்னவென்று கேட்பது? தெரியவில்லை.

மார்ச் 19
தலையணையை எடுத்த ஒன்பதாம் நாள், பிராணவாயுவையும் எடுத்துவிட்டார்களாம்.

மே 2
மதியம் என் ஆய்வக வாசலில் அதே முறைப்பு. "என் துண்டு எங்க?"

நுண்ணோக்கியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"திருப்பி வேணுமா?"

"நீங்களே வச்சுக்கோங்க. என் தலகாணியத்தான் திருப்பிக் குடுக்கணும்."

லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் ஓடியே ஏறியிருக்கிறாள். பின்னால் வந்த அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.