அப்பா நிரப்ப வேண்டிய படிவம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரத் தேர்வில் மின்விசிறிச் சத்தமும் பேனாச் சத்தமும் மண்டைக்குள் ஏறி, பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பயப்படாதீர்கள். கல்லூரி ஆலோசகர் அக்கா, "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, உன் மூளைக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணா கேக்குது" என்று சொல்லி, தனி அறையில் மறுபடி எழுத வைத்தார். முழுவதும் எழுதினேன். வெளியே வந்ததும் சொல்ல ஆளில்லாமல் வாசல் காவலாளியிடம் சொன்னேன்.

இந்த ஏற்பாடு தொடர மருத்துவர் சான்று வேண்டும். சிறுவயதில் நான் எப்படி இருந்தேன் என்று பெற்றோர் எழுதும் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் திட்டியதை எழுத வேண்டாம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவேனே, நீங்களும் தவழ்ந்து வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வீர்களே, அதை எழுதுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, அப்பா.

உங்கள் மகள்